எழுபத்திரண்டு

சத்தியமாகச் சொல்கிற கதை. இதில் ஓர் எழுத்துகூடக் கூட்டியதில்லை.

“இருபது வருஷமா வீடு வீடாப் போறேன் சார். இப்ப வந்து சர்டிபிகேட் எங்கேன்னா?” என்றாள் ஊசியக்கா. அவள் ஊசி போடுவதில்லை. பிரஷர், சர்க்கரை, கர்ப்பிணிகள் என்று தெருவின் உடம்பெல்லாம் அவள் பொறுப்பில் இருந்ததால் தெருவே வைத்த பெயர் அது.

“புதுச் சட்டம்மா. அரசாங்கச் சான்றிதழ் இல்லாம நாளையிலேர்ந்து எந்த வீட்டுப் படியும் ஏறக் கூடாது” என்றார் அதிகாரி. மேஜையில் அவருடைய காபி ஆடை கட்டிக் கிடந்தது.

“ஐயோ, மூணாவது வீட்டுப் பொண்ணுக்கு எட்டு மாசம் சார்! என்னைத் தவிர யாரையும் கிட்டவே விடமாட்டா.”

“அப்ப பாஸ் பண்ணிட்டுப் போங்க. ஒரே பரீட்சைதான்.” பேனாவைக் கீழே வைத்துவிட்டு வலது கையை நீட்டினார். “நாடி பாத்து எழுதுங்க.”

மணிக்கட்டில் விரல் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தின் முள் ஒரு சுற்று வந்தது. ஒன்றுமில்லை. நகர்த்தி, அழுத்தி, இன்னொரு சுற்று. அப்போதும் ஒன்றுமில்லை.

“என்னம்மா, முழிக்கிறீங்க?”

“கை ரொம்பச் சில்லுனு இருக்கு சார்.”

“ஏசி ஓடுதுல்ல? எத்தனைன்னு எழுதுங்க.”

எழுபத்திரண்டு என்று எழுதிவிடலாம். அவசரத்துக்கு எல்லாரும் எழுதுவது அதுதான். மழை நாட்களில் அவளே எழுதியிருக்கிறாள். எட்டு மாத வயிறு கண்முன் வந்து நின்றது. ‘7’ போட்டாள். அடித்தாள். ‘நாடி கிடைக்கவில்லை’ என்று எழுதி, கண்ணை மூடிக்கொண்டு தாளை நீட்டினாள்.

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார்.

“காலையிலேர்ந்து பதினோரு பேரும்மா! பதினோரு பேருக்கும் எழுபத்திரண்டு! நீங்க ஒருத்தர்தான் உண்மையை எழுதுனீங்க.” சட்டைக்குள் கைவிட்டு, இடது கக்கத்திலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்து மேஜையில் உருட்டினார். “இதை இடுக்கிட்டா அந்தக் கையில நாடி நின்னுடும். இதான் பரீட்சையே!”

“போங்க சார், எனக்கு உசுரே போயிருச்சு!”

அவரும் சிரித்தார், அவளும் சிரித்தாள். ‘டப்’பென்று முத்திரை விழுந்தது. சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டு பாதிப் படி இறங்கியவள், இன்னும் சில்லிட்டிருந்த விரல்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

பந்து வந்தது இடது கக்கத்திலிருந்து. அவள் நாடி பார்த்தது வலது கையில்.