திண்டுக்கல் பூட்டு

ஓடைப்பட்டி ராக்கையா, கோயிலில் கழற்றிப்போட்ட செருப்பைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சாமி கும்பிடுகிற மனுசன். அவருடைய திராட்சை முதன்முதலாகத் துபாய்க்குக் கப்பலேறுகிறது என்றால் சும்மா இருப்பாரா? கன்டெய்னருக்குக் கம்பெனிக்காரர்கள் போட்ட சீல் போதாதென்று, தேங்காய்ப் பருமனில் ஒரு திண்டுக்கல் பூட்டையும் மாட்டி, தூத்துக்குடி வரைக்கும் லாரியிலேயே வந்தார்.

டிரைவர் சுருளிராஜன் டீக்கு இறங்கினால் இவரும் இறங்கினார்.

"சாவிய இடுப்புல சொருகியிருக்கீகளா மாமா? எங்கயாச்சும் விழுந்துராம."

"அது எங்கன இருந்தா ஒனக்கு என்னலே?"

துறைமுக வாசலில் சுங்க அதிகாரி உமாதேவி வண்டியை நிறுத்தினார். "திறந்து காட்டுங்க."

"தொறந்தா நாலு குலை கொறையும் தாயி. துபாய்க்காரர்தான் தொறக்கணும்."

இப்போது உமாதேவிக்கும் சந்தேகம் வந்துவிட்டது. "உள்ள திராட்சைதானா, வேற ஏதாச்சுமா? சாவியக் குடுங்க. நாலு மணிக்குக் கப்பல். விட்டா அடுத்தது பத்து நாள் கழிச்சுத்தான்."

பத்து நாள் துறைமுக வெயிலில் கிடந்தால் மொத்த வெள்ளாமையும் அழுகிவிடும்.

"சாவி எங்கிட்ட இல்ல தாயி."

"பின்ன யார்கிட்ட இருக்கு?"

"இந்த டிரைவர நம்ப முடியுமா? கப்பல்காரகளத்தான் நம்ப முடியுமா? சாவி நேரா துபாய்க்காரர் கைக்குப் போகணும்ல? அதான்..."

"அதான்?"

"மொதப் பெட்டியில, திராட்சைக்கு அடியில வச்சுட்டுத்தான் கன்டெய்னரப் பூட்டுனேன்."