பயந்த கிளி

“கிளி சரியான பயந்தது ஸஹ்ரா. பழக்காமக் கொண்டு வந்தா பிளேன்லயே பயத்துல உசிர் பெய்த்து மௌத்தாப் பெய்த்திரும்,” என்று கட்டாரிலிருந்து போனில் எச்சரித்தான் அவள் கணவன் பஹ்மி.

அவனுடைய கூட்டாளி ரிஸ்மின் ஊரில் விட்டுப்போன கிளி அது. இப்போது கட்டாரில் இருக்கும் அவனுக்கு அது திரும்ப வேண்டுமாம்; பஹ்மியிடம் போகும் ஸஹ்ராதான் கொண்டுவர வேண்டுமாம்.

அன்றிலிருந்து ஸஹ்ராவுக்கு வேறு வேலையில்லை. கூட்டை மடியில் வைத்துக்கொண்டு தினமும் ஓட்டோவில் கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் போய்வந்தாள். போனில் விமான இரைச்சலைப் போட்டுக் காட்டினாள்.

“ஒண்டுமில்ல மகன், கொஞ்சம் ஆடும், மறுகா சரியாப் பெய்த்திரும்,” என்று கிளிக்கு ஓயாமல் தைரியம் சொன்னாள்.

பயண நாளில் கிளியை விமானத்தின் அடியில் ஏற்றினார்கள். மேலே இருந்த ஸஹ்ரா, இறங்கும்வரை அதற்காகத் துஆ ஓதினாள்.

கட்டார் விமான நிலையத்தில் கூட்டை வாங்கிய ரிஸ்மின், “நாலாந்தரமாப் பிளேன்ல வாறாய், உனக்குக் களைப்பே இல்லயாடா?” என்று கிளியைக் கொஞ்சினான்.

ஸஹ்ரா பக்கத்தில் நின்ற கணவனை முறைத்தாள். “பயந்த கிளி எண்டு பொய்தானே சொன்னீங்க?”

பஹ்மி சிரித்தான்.

“போன ரெண்டு தரமும் கட்டுநாயக்கா எயார்போட்டுல பிளேனக் கண்டு அழுதுபோட்டு ஊருக்குத் திரும்பினது கிளியா, நீயா?”