நாற்பத்தொன்றாம் படிவம்

"நாலு மணிக்குள்ள ஆபீஸ்ல கொடுக்கணும் மேடம். ஒரு கையெழுத்து மட்டும்…"

மாணவி ஆய்வேட்டை மேஜைமேல் வைத்தாள். மனநல முதுகலைப் படிப்பின் கடைசிப் படி. நீண்ட நாள் நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களின் மனச்சோர்வு பற்றிய ஆய்வு. அறுபது பேரிடம் கேள்விப் படிவம். பெயர் கிடையாது, நம்பர் மட்டும்.

வழிகாட்டிப் பேராசிரியை பேனாவைத் திறந்தார். புரட்டினார். பேனாவை மூடிவிட்டார்.

"இந்த நாற்பத்தொண்ணாம் நம்பருக்கு மனச்சோர்வு முப்பதுக்கு இருபத்தொன்பது. அறுபதுல இதுதான் அதிகம். படிவத்தைப் பார்த்தியா?"

"டைப் பண்றவர்கிட்ட கொடுத்து மதிப்பெண்ணையெல்லாம் ஏத்தியாச்சு மேடம். கணக்குல ஒரு பிசிறு இருக்காது."

"கணக்கை யார் கேட்டா? கடைசிக் கேள்விக்குக் கையால எழுதியிருப்பாங்களே, அதைப் படிச்சியா?"

"அதுக்குத்தான் மதிப்பெண்ணே இல்லையே மேடம்!"

"அறுபதையும் படிச்சிட்டு வா. அப்புறம் கையெழுத்து."

மணி இரண்டு. வெளியே வந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேணும்னே இழுத்தடிக்கிறாங்கடி!"

"உன்மேல பொறாமை. வேறென்ன?" தோழி தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினாள். நல்ல தோழி!

செல் அடித்தது. அக்கா.

"அப்பாவைக் குளிப்பாட்டிப் படுக்க வெச்சாச்சு. அஞ்சு நிமிஷம் பேசலாமாடி?"

"ஐயோ அக்கா, தலைக்கு மேல வேலை. முடிச்சிட்டுக் கூப்பிடறேனே?"

"சரி சரி. நீ நல்லபடியா முடி."

ஆய்வறையில் படிவக் கட்டை அலமாரியிலிருந்து இறக்கினாள். நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களிடம் மருத்துவமனை நர்ஸ் எழுதி வாங்கிக் கொடுத்த படிவங்கள். டைப் அடித்துத் திரும்பி வந்த நாளிலிருந்து அவிழ்க்கவே இல்லை.

"அறுபது என்ன, அறுநூறு கொடுத்தாலும் ஒரு மணி நேரத்துல முடிப்பேன். மூணரைக்குக் கையெழுத்து வாங்கறேனா இல்லையா பாரு!"

செய்யக்கூடியவள்தான். அதில் சந்தேகமே இல்லை.

"முதல்ல அந்த நாற்பத்தொண்ணை எடு," என்றாள் தோழி.

"அது பாவம்டி. வீட்டுல மத்தவங்களுக்கெல்லாம் கண்ணு பின்னாடியா இருக்கு? ஒரே கூரைக்குக் கீழ இருந்துக்கிட்டு ஒருத்தருக்குமா தெரியாம போச்சு? அஞ்சாவது அத்தியாயத்துல நறுக்குன்னு கேட்டிருக்கேன்."

சொல்லிக்கொண்டே உருவினாள். கடைசிக் கேள்வி: 'உங்கள் கஷ்டத்தை யாரிடமாவது சொன்னீர்களா? இல்லையென்றால், ஏன்?'

கீழே மூன்று வரி பதில். பள்ளி நாட்களில் அவளுடைய நோட்டு அட்டைகளில் பெயர் எழுதிக் கொடுத்த அதே சாய்ந்த கையெழுத்து.

'இன்னும் சொல்லலை. என் தங்கச்சி மனசைப் பத்தித்தான் படிக்கிறா. முதல்ல அவ படிச்சு முடிக்கட்டும்.'