மேல் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்

கட்டிடம் வாங்கப் போனால் முதலில் கூரையைப் பார்க்க வேண்டும் என்றோ, கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றோ வாப்பா ஒருமுறை சொன்னார். எதைச் சொன்னார் என்று ஸஜாத்துக்கு இப்போது நினைவில்லை. அதனால் இரண்டையும் பார்த்துவிட்டார்.

கல்முனையில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் ஒரு மாடிக் கட்டிடம். மேலே இரண்டு வீடு, கீழே இரண்டு வீடு. கத்தாரில் ஆறு பேர் அறையில் இருபத்திரண்டு வருஷம் படுத்துக் கிடந்தபோது ஸஜாத் கனவில் கண்டது ஏறக்குறைய இதைத்தான். நாலு வாசல், நாலு அடுப்பு மணம், மாதம் பிறந்தால் நாலு வாடகை. அவர் சாய்மனைக் கதிரையில் கிடந்து கடல் இரைவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"மூணு வீடு பிரச்சினையில்ல காக்கா," என்று தரகர் அஹ்ஸன் சொல்லியிருந்தார். "கீழ வலப்பக்கம் இருக்கிற கச்சிமுகம்மதுதான் பழைய வாடகை. அவர எழுப்பிட்டு பேங்க் ஆக்களுக்குக் குடுத்தா ரெண்டு மடங்கு வரும். நீங்க ஓம் எண்டா நாளைக்கே சொல்லிருவன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றார் ஸஜாத்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, சும்மா இன்னொருக்காப் பார்ப்போமே என்று போனார். மாடிக் கொடியில் காய்ந்த சேலைகளைக் கடற்காற்று ஊதி ஊதிக் கப்பல் பாயாக விரித்துக்கொண்டிருந்தது. கட்டிடமே மெல்ல நகர்வது போல இருந்தது. அந்த மயக்கத்திலேயே கச்சிமுகம்மதுவின் வாசலில் போய் நின்றுவிட்டார்.

உள்ளே விருந்தாளிகள். தொதல் இனிப்புத் தட்டோடு வந்த கச்சிமுகம்மது இவரைக் கண்டதும் வெளிறிப் போனார். போன கிழமைதான் அஹ்ஸன் இருவரையும் அறிமுகம் செய்து வைத்திருந்தார்.

"வாங்க தம்பி, வாங்க. இவர் நம்மட மேல் வீட்டுல வாடகைக்கு இருக்கிறவர்," என்றார் விருந்தாளிகளிடம். பிறகு ஸஜாத்திடம், "மாப்பிள்ளை வீட்டாக்கள். எங்கட அப்ராவக் கேட்டு வந்திருக்காங்க."

ஸஜாத்துக்கு விளங்கிவிட்டது. கலியாணம் என்றால் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கேதான் வந்து குடியிருப்பார். மனிசன் வாடகை வீட்டைக் காட்டிச் சீதன வீடு என்று சொல்லியிருக்கிறார். இனி ஸஜாத் வாய் திறந்தால் அப்ராவின் கலியாணம் முடிந்தது.

"இரிங்க தம்பி," என்றார் மாப்பிள்ளையின் தாய் ஸுஹைறா. "இவர் எப்பிடி, நல்ல வீட்டுக்காரரா?"

கச்சிமுகம்மது தொதல் தட்டை ஸஜாத்தின் முன்னால் நீட்டினார்.

"நல்ல மனிசன்," என்றார் ஸஜாத். "தண்ணி டாங்கி நிரம்பி வழிஞ்சா மட்டும் ஏசுவார்."

"நீங்க வாடகைய ஒழுங்காக் குடுக்கிறீங்களா?" என்று மாப்பிள்ளையின் மாமா கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஸஜாத்தும் சிரித்தார். தன் கனவுக்குள் தானே வாடகைக்கு இருப்பது வினோதமாக இருந்தது.

கச்சிமுகம்மது அவரைக் குசினிப் பக்கம் கூட்டிப் போனார்.

"தம்பி, எங்கட வீட்டச் சுனாமியில கடல் கொண்டு போன பொறகு நான் நிமிரவே இல்ல. மாவடிப்பள்ளியில ஒரு துண்டு வளவு இரிக்கி. அத்திவாரம் போட்டாச்சு. கட்டி முடிக்க ரெண்டு வருசம் மட்டும் தவணை தாங்க."

"இது பொய்தானே காக்கா?"

"ஓம், பொய்தான்."

"நாளைக்குத் தெரிய வந்து பிள்ளையத் திருப்பி அனுப்பினா?"

அடுப்படியில் தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்த அப்ராவின் கரண்டிச் சத்தம் நின்றது.

ஸஜாத் வெளியே வந்துவிட்டார். மனம் கொதித்தது. ஒரு குடும்பத்தை ஏமாற்ற நானும் சாட்சியா? வாசல் கேற்றடியில் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் விருந்தாளிகள் வந்தார்கள். மாமா வாகனத்தைத் திருப்பப் போக, ஸுஹைறா தனியே நின்றார்.

"ராத்தா, ஒரு விசயம் சொல்லணும். அந்த வீடு..."

"வாங்கப் போறது நீங்கதானே?"

ஸஜாத் திகைத்துப் போனார்.

"மேல ரெண்டு வீட்டிலயும் இருக்கிறது டீச்சர்மார். உங்களக் கண்டதும் அவர் வெளிறினதில வெளங்கிட்டு," என்றார் ஸுஹைறா, குரலைத் தாழ்த்தி. "போன மாசம் அஹ்ஸன் இந்தக் கட்டிடத்த எங்களுக்கும் காட்டினவர். மாடியில வெச்சு ஆரார் வாடகைக்கு இரிக்காங்க எண்டு ஒண்டும் விடாமச் சொன்னார். அப்பதான் கீழ பாத்தன். அந்தப் பிள்ள, பக்கத்து வீட்டுக் குழந்தைய இடுப்பில வெச்சிக்கிட்டு உடுப்புக் காயப் போட்டிட்டு நிண்டிச்சி. எனக்குக் கட்டிடம் புடிக்கல்ல. பிள்ளையப் புடிச்சிட்டு."

"அப்ப உள்ளுக்குக் கேட்டதெல்லாம்?"

"கேக்காட்டி அவருக்குச் சந்தேகம் வந்திரும். வெக்கப்படுவார், பாவம்."

வாகனம் திரும்பி வந்து நின்றது. அவர் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கலியாணம் முடிஞ்சா என்ட மகனும் உங்கட வீட்டுலதான் வந்து இருப்பான். நீங்க கூட்டுற வாடகைய மாமனாருக்குத் தெரியாம அவன் தருவான். அவர மட்டும் எழுப்பிராதீங்க, தம்பி."

சனிக்கிழமை காலையில் ஸஜாத் அஹ்ஸனுக்குப் போன் எடுத்தார். கட்டிடத்தை வாங்குவதாகவும், கச்சிமுகம்மது பழைய வாடகைக்கே இருக்கட்டும் என்றும் சொன்னார்.