சும்மா இருந்த கை

அன்று அந்த வண்டிக்குள் இருந்தவர்கள் நான், என் தம்பி மகள் செண்பகவல்லி, அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை இளம்பரிதி, அவருடைய அப்பா தாணுலிங்கம், ஷோரூமில் வேலை பார்க்கும் மோகனா. கல்யாணத்துக்கு நாங்கள் தரவிருந்த கார் அது. கியர் வண்டி போதும் என்றுதான் முதலில் சொன்னேன்.

"ஆட்டோமேட்டிக்கா எடுங்க சம்மந்தி. இடது கைக்கு வேலையே இருக்காது. புள்ள ராஜா மாதிரி போவான்" என்றார் தாணுலிங்கம். எங்கள் வீட்டுப் பெண் போகிற வண்டி, குறை எதற்கு என்று மாப்பிள்ளையையே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன்.

கடைத்தெரு தாண்டும்வரை மாப்பிள்ளையின் இடது கை தொடைமேல் சும்மா கிடந்தது. மோதிரம் போட்ட, வெளுத்த, ஈரமான கை. பிறகு அது மெல்ல நகர்ந்து, பக்கத்தில் இருந்த செண்பகவல்லியின் மடியிலிருந்து ஃபோனை எடுத்தது. அவள் விரலையே பிடித்து அழுத்தி அதைத் திறந்தது.

"யாரு இந்த சுகுமார்?"

"ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவர்."

"அழிச்சிடுறேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இப்பவே என்ன பொறுப்பு, பாத்தீங்களா" என்று தாணுலிங்கம் என் முழங்காலைத் தட்டினார்.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க தம்பி" என்றேன். மாப்பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆட்டோமேட்டிக் வாங்க வக்கில்லாமல் கல்யாணத்தை நிறுத்திவிட்டோம் என்று தாணுலிங்கம் வீட்டில் சொல்லித் திரிகிறார்களாம். அது பொய். அந்த வண்டியைத்தான் வாங்கினோம். செண்பகவல்லி ஓட்டுகிறாள்.