ராகினி அள்ளிய வண்டல்

தஞ்சோங் கிளிங் கரையில் கடல்நீர் வடிந்திருந்த வேளை. அடுத்த வீட்டு ராகினி முழங்கால் சேற்றில் இறங்கி, அடிமண்ணை அள்ளி டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். படகின் மறைவில் நின்ற முத்தாயிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மாரியம்மன் திருவிழாவில் யாருடைய முளைப்பாரி உயர்ந்து செழிக்கிறதோ, அவளே ஊர்வலத்தில் முதலாவதாக நடப்பாள். நெடுங்காலம் அந்தப் பெருமை முத்தாயிக்கே உரியதாக இருந்தது. ராகினி வாக்கப்பட்டு வந்த பின் அது கைமாறியது.

"ராகினிக்கு அம்மன் அருள் இருக்குலா" என்று பெண்கள் பேசும்போதெல்லாம் முத்தாயிக்கு வயிறு எரியும். அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

'அருளாம் அருள். இந்தச் சேறுதான் அந்த அருளா?' என்று இப்போது மனத்துக்குள் கறுவினாள்.

மறுநாள் அதே இடத்தில் தானும் ஒரு வாளி அள்ளினாள். உப்புப் போகும்வரை நல்ல நீரில் அலசினாள். கன்னங்கரேலென்று மின்னிய வண்டலைக் கண்டு பூரித்தாள். அதில் நவதானியம் விதைத்து, கோயிலின் இருட்டறையில் வைத்தாள்.

திருவிழாவன்று அறை திறக்கப்பட்டது. ராகினியின் பயிர் பொன்னிறமாய்த் தளதளத்து நின்றது. முத்தாயியின் சட்டியிலோ இரண்டொரு முளை தலைகாட்டிக் கருகிக் கிடந்தது.

"என்ன முத்தாயி, விரத நாள்ல நாசி லெமாக் சோத்துல கிடந்த நெத்திலியைக் கடிச்சிட்டியா?" என்றாள் முளைப்பாரி எடுக்க வந்திருந்த பெத்தம்மாள். கூட்டம் சிரித்தது.

முத்தாயி ராகினியை ஓரமாய் மறித்தாள்.

"ஏண்டி, நீ அள்ளின இடத்துலதான் நானும் அள்ளினேன். உனக்குப் பயிரு, எனக்குக் கரியா?"

"எந்த இடத்துல அக்கா?"

"படகுத் துறைக்குப் பக்கத்துல. நான்தான் கண்ணால பார்த்தேனே."

ராகினி திகைத்துப்போனாள். "என் சட்டியில இருக்கிறது கொல்லைச் செம்மண்ணு அக்கா. கடல் சேத்துல யாராச்சும் விதைப்பாங்களா? அதைச் சோதனைக்கு அனுப்பினேன். கழிவு படிஞ்சு, அடிமண்ணு பூரா ஈயமும் காட்மியமுமா இருக்காம். அங்க எடுக்கிற கெராங் சிப்பியைத் தொடர்ந்து தின்னா கிட்னியே போயிடுமாம். நேத்துதான் ரிப்போர்ட் வந்துச்சு."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"என்னைக் கண்டாலே கதவைச் சாத்துறீங்க. சும்மா வாய்ல சொன்னா நம்புவீங்களா?"

"உங்க வீட்டுல யாரும் சிப்பியே தொடமாட்டீங்க. உனக்கு எதுக்குடி இந்த வேலை?"

ராகினி குரலைத் தாழ்த்தினாள்.

"ஞாயித்துக்கிழமை ஆனா உங்க வீட்டுச் சிப்பிச் சம்பல் வாசம் எங்க அடுப்படி வரைக்கும் வருதே அக்கா. உங்க பிள்ளை சுரேன் அதை அங்கதானே பொறுக்கிட்டு வர்றான்?"