ராகு காலம் போகட்டும்

"ராகு காலம் போகட்டும்லா, அப்புறம் கெளம்பு" என்று அம்மா வாசலை மறித்து நின்றார்.

இந்த வேலையாவது கிடைக்க வேண்டுமே என்ற தவிப்பில் இருந்த தர்மினிக்கு எரிச்சல் பொங்கியது. "இன்டர்வியூ காத்திருக்குமாம்மா? ராகு காலம் என்ன, ஆளா? வேணும்னா அதுவும் காருல ஏறி வரட்டும்!"

தெப்ராவிலிருந்து செனாய்க்குக் காரை விரட்டினாள். பக்கத்து சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்திக்கொண்டே வந்தது. அங்கே கிடந்த கைப்பையை எடுத்துப் பின்னால் எறிந்தாள். சத்தம் நிற்கவில்லை.

"அலமாக், உன்னோட பெரிய ரோதனை!" சிவப்பு விளக்கில் நின்றபோது, காலி சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சத்தம் நின்றது.

ஆனால் பெல்ட் சீட்டில் படியவில்லை. யாருடைய தொந்தி மேலோ கிடப்பதுபோல் புடைத்து, மெல்ல ஏறி இறங்கியது.